குடிக்கூலியில் கூலி எவ்வளவு? கொட்டச்சேட்டை முன்வைத்து வாடகைச் சொத்து பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறப் பாதை இரண்டு. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று போய் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஒன்று. அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர் வழியாகச் சுற்றி ஏறுவது மற்றொன்று. இதில் வளைவு குறைவு, தூரம் அதிகம். இந்த இரண்டாவது பாதையில் இருக்கும் ஊர் கொட்டச்சேடு. காப்பியும் மிளகும் சில்வர் ஓக்குமான சேர்வராயன் மலையின் ஒரு கிராமம். இங்குள்ள தேக்குக் காட்டுக்குப் பறவை பார்க்கவென்று வருகிறவர்கள் உண்டு. ஏரி, படகு, கடைவீதி எல்லாம் ஏற்காட்டோடு நின்றுவிடுகின்றன.

கையில் ஏதோ கொஞ்சம் சேர்ந்ததும் கீழே இருப்பவர்களுக்கு வரும் எண்ணம் ஒன்று உண்டு: மலையில் ஓர் இடம் வாங்கி, ரெண்டு ரூம் கட்டிப் போட்டால், மாசாமாசம் வாடகை வந்துகொண்டிருக்கும். ஏற்காட்டில் விலை எட்டாமல் போனவர்கள் அடுத்துக் கை நீட்டுவது கொட்டச்சேடு போன்ற ஊர்களை நோக்கித்தான். அந்த எண்ணத்தைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை. நிலத்தின் விலை ஏறுமா என்ற கேள்வி இதில் இல்லை. விலை ஏறும் என்று நம்பி வாங்குவது ஒரு தொழில், வாடகைக்கு விடுவது வேறொரு தொழில். இரண்டையும் ஒரே பேச்சில் குழைத்துவிடுவதால்தான் புதியவர்களின் கணக்கு தவறிப்போகிறது.

2. சொற்கள்

வாடகை என்பது வடமொழி வழியாக வந்த சொல். வீட்டு வாடகைக்குத் தமிழில் இருந்த பழைய பெயர் குடிக்கூலி, குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. கூலி என்றால் உழைப்புக்குக் கொடுப்பது. வீடு உழைக்குமா என்று கேட்கலாம். உழைக்காது. ஆனாலும் நமக்கு வேண்டிய கேள்வியை அந்தச் சொல் தற்செயலாகவே எழுப்பிவிடுகிறது. வாடகை என்று கைக்கு வரும் பணத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும் உரியது எவ்வளவு? கூட்டிப் பெருக்கி, போர்வை துவைத்து, இரவு பதினோரு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட்டால் எழுந்து போகிற ஆளுக்கு உரியது எவ்வளவு? இந்தப் பிரிப்பைத்தான் கட்டுரை முழுவதும் அளவுகோலாகக் கொள்கிறேன்.

இன்னும் இரண்டு சொற்கள். சேலம் பக்கம் போக்கியம் என்பார்கள். தெற்கே ஒத்தி, சென்னையில் லீஸ். ஒரு பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது, காலம் முடிந்ததும் தொகையை முழுதாகத் திரும்பப் பெறுவது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் அனுபோக அடமானம் என்று சொல்வதன் வீட்டு வடிவம் இது. வாங்குகிற தொகையை உரிமையாளர் வட்டிக்குப் போட்டு வைத்தால் அதுவே வாடகை. அதையே மேல்மாடி கட்டச் செலவழித்துவிட்டால், காலம் முடியும்போது அடுத்த குடியைத் தேடி அவருடைய பணத்தைப் பழைய குடிக்குக் கொடுக்க வேண்டிவரும். வாடகைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான். மலையில் அதிகம் காதில் விழும் மற்றொரு சொல் குத்தகை. அது மிளகுக்கும் காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் உரியது, வீட்டுக்கு அல்ல. நிலத்தின் விளைச்சலைக் குத்தகைக்கு விட்டவர் நிலத்தையே விட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வழக்குகளும் இல்லாமல் இல்லை.

3. மலை வாடகைக்கு வந்த வரலாறு

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அவருடைய கிரேஞ்ச் தோட்டத்தின் பெயர் இன்றும் நிற்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரையும் தாண்டுகிறது. 1860களில் சேலம் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது, சமவெளியின் வெயிலுக்குத் தப்புவதற்கு ஊட்டி வரை போக வேண்டியதில்லை என்றானது. 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. ஆக, மலைக்கு மூன்று வகைக் குடிகள் வந்தனர்: தோட்டக்காரர், கோடைக்கு வருகிறவர், பள்ளியை ஒட்டி வருகிறவர். மூன்றாவது வகையார்தான் ஆண்டு முழுவதும் இருப்பவர்கள். அவர்கள் பெரும்பாலும் ஏற்காட்டைச் சுற்றியே இருக்கிறார்கள், கொட்டச்சேடு வரை வருவதில்லை.

அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்தோடு அதற்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாக அவர்களுடைய வாய்மொழி மரபு சொல்கிறது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது இதனால்தான். முதலீட்டைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். அடுத்த பிரிவே அதற்குப் பதில்.

இப்போதைய தங்கும் அறை வணிகத்துக்கு வேறொரு தோற்றுவாய் உண்டு. 1990களில் காப்பி விற்பனை காப்பி வாரியத்தின் பிடியிலிருந்து விடுபட்டது. ஆனால் 2000ஐ ஒட்டி உலகச் சந்தையில் விலை விழுந்தது. குடகில் தோட்டக்காரர்கள் பலர் தங்கள் வீட்டு அறைகளை விருந்தினருக்குத் திறந்துவிட்ட காலம் அது. ஹோம்ஸ்டே என்ற சொல் தென்னிந்தியாவில் பரவியதில் குடகின் பங்கு பெரிது. அங்கே அறையும் இருந்தது, வீட்டில் ஆளும் இருந்தது, சமையலும் இருந்தது. குறைந்துபோனது காப்பிப் பணம் ஒன்றுதான். அறையை வாடகைக்கு விட்டது அந்த ஓட்டையை அடைக்க. புதிதாக நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பி அதே வருமானத்தை எதிர்பார்ப்பவர், அவர்களுடைய கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கதை தெரியும் என்கிறார்.

4. நிலம்

4.1 பட்டாவின் குணம்

எந்த ஊரானாலும் பார்க்க வேண்டிய தாள்கள் தெரிந்தவைதாம்: தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம். சமவெளியில் வீடு வாங்குபவருக்கு இவை போதும். மலையில் பட்டா இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தக் கூடாது, அது எந்த வகைப் பட்டா என்றும் கேட்க வேண்டும்.

அரசு ஒப்படை செய்த நிலமானால் நிபந்தனைப் பட்டாவாக இருக்கும். ஊர்ப்பேச்சில் கண்டிசன் பட்டா. யாருக்கு விற்கலாம், எப்போது விற்கலாம், விற்கவே கூடாதா என்பதெல்லாம் அந்த நிபந்தனையில் இருக்கும். மீறினால் ஒப்படையே ரத்தாகும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த உரிமை இன்னும் இறுக்கமானது. அது வாரிசுக்குப் போகும், வேறு எவர் கைக்கும் மாறாது. அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. இத்தகைய நிலத்தை வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்து, பவர் கொடுத்து, நீண்ட காலக் குத்தகை என்று பெயர் வைத்து மாற்றிவிடலாம் என்று சொல்லித்தர ஆட்கள் இருப்பார்கள். வாங்குகிறவர் பணத்தை இழப்பார், அது அவருடைய பேராசைக்கான விலை. விற்ற குடும்பம் இழப்பது நிலத்தை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. அந்த நிலங்களின் பக்கமே போக வேண்டாம் என்பது சட்ட அறிவுரை மட்டுமன்று.

4.2 தோட்டம் மனையாவது

1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் காப்பி, தேயிலை, ரப்பர், ஏலம் போன்ற தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர் என்று சமவெளியில் அளந்தபோது, மலையில் பெரிய தோட்டங்கள் முழுதாக நின்றதன் காரணம் இதுவே. விலக்கு கிடைத்தது தோட்டப் பயிருக்காக. அந்தத் தோட்டத்தை வெட்டி, சாலை போட்டு, காப்பித் தோட்டத்துக்குள் வில்லா மனை என்று துண்டு துண்டாக விற்கும்போது, விலக்கு நின்ற காலே ஆட்டம் காண்கிறது. விளம்பரத் தாளில் காப்பிச்செடிப் படம் பெரிதாக இருக்க இருக்க, வாங்குகிறவர் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்க வேண்டும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது, தமிழ்நாடு முழுவதும் மனை வியாபாரம் ஸ்தம்பித்தது. அதற்குப் பின் வந்ததுதான் 2017ஆம் ஆண்டின் வரன்முறைத் திட்டம். அதே ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தையோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளையோ விற்கும் திட்டம் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி ஆணையத்தின் தளத்தில் தேடிப்பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

4.3 கட்டட அனுமதி

ஏற்காடு வட்டம், 1990இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது. ஹாக்கா என்ற சுருக்கப் பெயரைத்தான் தரகர்கள் உட்பட எல்லோரும் சொல்வார்கள். இங்கே ஊராட்சியில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு அஸ்திவாரம் தோண்ட முடியாது. நகர் ஊரமைப்புத் துறை, புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை என்று சரிவையும் மண்ணையும் மரத்தையும் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் கோப்பு போய்வர வேண்டியிருக்கும். மனையில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியே குறுக்கே நிற்கிறது. தொல்லை என்று சலித்துக்கொள்வார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை கொட்டியபோது ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நினைத்துக்கொண்டால் அந்தச் சலிப்பு கொஞ்சம் குறையும்.

அனுமதியில்லாத மாடியின் கதி என்னவாகும் என்பதற்குக் கொடைக்கானல் ஒரு பாடப்புத்தகம். ப்ளசன்ட் ஸ்டே விடுதியின் மேல்மாடிகளுக்கு அரசு தந்த விதிவிலக்கை 1990களில் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. பின்னாளில் அதே நகரில் விதிமீறிய வணிகக் கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவின்பேரில் வரிசையாக முத்திரையிடப்பட்டன. முத்திரையிட்ட அறைக்கு வாடகை வராது, வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும்.

5. யார் குடிவருவார்?

5.1 மாதக் குடி

கிராமத்து வீட்டுக்கு மாத வாடகைக்கு வருகிறவர் யார் என்று பெயர் பெயராக எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி ஆசிரியர், செவிலியர், தோட்டத்துக் கணக்கர், கட்டட வேலைக்கு வந்த மேஸ்திரி. பெரிய தோட்டங்களில் தொழிலாளருக்குக் குடியிருப்பு தர வேண்டிய கடமையை 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி மேல் வைத்ததால், அங்கே லைன் வீடுகள் உண்டு. உள்ளூர்க்காரருக்குச் சொந்த வீடு. எஞ்சும் ஆட்கள் கைவிரல்களில் அடங்குவார்கள். அந்தச் சிலர் நல்ல குடிகள்: கோடையிலும் இருப்பார்கள், மழையிலும் இருப்பார்கள். ஆனால் அவர்கள் தரக்கூடிய வாடகை அவர்களுடைய சம்பளத்தை ஒட்டியது, நீங்கள் நிலத்துக்குக் கொடுத்த விலையை ஒட்டியதல்ல.

5.2 வார இறுதி விருந்தினர்

ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு வெள்ளி, சனி என்று இரண்டு இரவு. மொத்தம் 104. ஏப்ரல், மே மாதங்களின் வார நாட்களைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். தேர்வுக் காலம், விடாத மழை, பாதை அடைப்பு என்று கழித்தால் அதைவிட அதிகமாகவே குறையும். மலையில் வீடு கட்டுபவர் மனக்கணக்கில் 365ஐ வைத்துக்கொள்கிறார். உண்மையான எண் 104க்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் தண்ணீர். விருந்தினர் அதிகம் வருவது கோடையில், கிணறும் ஊற்றும் வற்றுவதும் கோடையில். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெறும் மலையில் மே மாதம் டேங்கர் தண்ணீருக்குக் காத்திருக்கும் காட்சி புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். பாறைச் சரிவில் விழும் மழை அதே வேகத்தில் ஓடையில் இறங்கிக் கீழே போய்விடுகிறது. நிலம் பார்க்கப் போகிறவர் மே மூன்றாம் வாரம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் பாதி ஆய்வு முடிந்தது. மீதிப் பாதிக்கு நவம்பரில் போக வேண்டும், சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஈரம் ஏறுகிறது என்று பார்க்க. காட்டெருமை வேலியை என்ன செய்கிறது என்பதையும் அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

5.3 கடை

கொட்டச்சேட்டுக்கே உரிய ஒரு செய்தி உண்டு. கோடை விழா நாட்களில் நெரிசலைச் சமாளிக்க, அடிவாரப் பாதையில் ஏறுவதும் குப்பனூர்ப் பாதையில் இறங்குவதுமாக ஒருவழிப் போக்குவரத்து ஏற்படுத்துவது வழக்கம். அதாவது, ஆண்டின் மிகப் பெரிய கூட்டம் இந்த ஊரைக் கடக்கிறது, ஆனால் வீடு திரும்பும் வழியில் கடக்கிறது. இரவு தங்க வேண்டிய தேவை முடிந்துவிட்ட கூட்டம் அது. குழந்தைக்கு வாந்தி, பெரியவருக்குத் தேநீர், வண்டிக்குச் சூடான பிரேக் ஆற ஒரு நிழல், வீட்டுக்குக் கொஞ்சம் மிளகும் காப்பித்தூளும். இவைதாம் அவர்களுடைய தேவை. அறை தேவைப்படாத இடத்தில் அறை கட்டுகிறார்கள். அதே சாலையோரத்தில் அனுமதியோடு கட்டிய பத்துக்குப் பத்து கடை, உள்ளூர்க்காரர் ஒருவர் ஆண்டு முழுவதும் நடத்தக்கூடியது, மாத வாடகையை ஒழுங்காகத் தரக்கூடும். பிரமாதமான வருமானமன்று. ஆனால் போர்வை துவைக்க வேண்டியதில்லை.

6. கணக்கு

இங்கே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. விலை இடத்துக்கு இடம் மாறும், கணக்கின் எலும்புக்கூடு மாறாது.

முதலில் சேலம் புறநகரில் ஒரு சாதாரண வீடு. விலை 30 லட்சம். முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்ந்து தமிழ்நாட்டில் 9 விழுக்காடு, 2023 ஏப்ரலிலிருந்து இந்த அளவு. முழு விலைக்கும் பதிந்தால் 2.7 லட்சம். ஆக முதல் 32.7 லட்சம். மாத வாடகை 8,000 என்றால் ஆண்டுக்கு 96,000. குடி மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும், மிஞ்சுவது 88,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, குழாய் என்று 12,000 போனால் 76,000. போட்ட முதலுக்கு இது 2.3 விழுக்காடு. வங்கியில் வைப்பு வைத்தாலே இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். 20 லட்சம் கடன் வாங்கி வாங்கியிருந்தால், 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 18,000. வாடகை 8,000, தவணை 18,000. வாடகையே கடனை அடைத்துவிடும் என்ற சொல் எந்த ஊரில் பிறந்ததோ, சேலத்தில் பிறக்கவில்லை.

இப்போது மலை. நிலமும் இரண்டு அறைக் கட்டடமும் 45 லட்சம். உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார். அறைக்கு இரவுக்கு 2,000. ஓர் அறை ஆண்டில் 90 இரவு நிரம்புகிறது, இரண்டு அறைக்கும் 180 இரவு, வரவு 3,60,000. பாதி முன்பதிவு செயலிகள் வழியாக வந்து 18 விழுக்காடு தரகு போனால் 32,400. காவலுக்கும் பராமரிப்புக்கும் ஓர் ஆள், மாதம் 12,000, ஆண்டுக்கு 1,44,000. துவைப்பு, சோப்பு, காலைச் சிற்றுண்டி இரவுக்கு 300 வீதம் 54,000. மின்சாரம், டேங்கர் தண்ணீர், கேஸ் 48,000. ஈரம் தின்ற சுவர், கூரை, மோட்டார் 40,000. செலவு மொத்தம் 3,18,400. மிச்சம் 41,600. 45 லட்சத்துக்கு இது ஒரு விழுக்காடு கூட இல்லை.

அதே இரண்டு அறை, அதே விருந்தினர், அதே 90 இரவு. இம்முறை கட்டியவர் கொட்டச்சேட்டிலேயே குடியிருக்கும் குடும்பம். நிலம் முன்னோருடையது, அறைகளுக்கு மட்டும் 12 லட்சம் செலவு. காவலாள் தேவையில்லை, அந்த 1,44,000 வீட்டிலேயே நிற்கிறது. கைக்கு வருவது 1,85,600. போட்ட பணத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல்! பார்த்ததும் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அதிலிருந்து உழைப்பின் பங்கான 1,44,000த்தை எடுத்துவிட்டால் பழைய 41,600 தான் மிச்சம், 12 லட்சத்துக்கு மூன்றரை விழுக்காடு. கட்டடம் சம்பாதித்தது இங்கும் அங்கும் ஒரே தொகைதான். மீதி, பெருக்கியவரும் துவைத்தவரும் சமைத்தவரும் பெற்ற கூலி. பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களின் கூலி, அவர்கள் பெயரில் எந்தக் கணக்கிலும் ஏறாதது. குடிக்கூலி என்ற சொல் இந்த மலைக்கு இவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று நான் தொடங்கும்போது நினைக்கவில்லை.

வருமான வரியும் இந்தப் பிரிவினையை ஒருவகையில் ஏற்கிறது. மாத வாடகைக்கு விட்ட வீட்டின் வருமானத்தில், கட்டிய வீட்டு வரியைக் கழித்து, எஞ்சியதில் 30 விழுக்காட்டை, செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கழித்துக்கொள்ளலாம். படுக்கையும் உணவும் பணிவிடையுமாக நடத்தும் விடுதி தொழில் வருமானமாகப் பார்க்கப்படும், அங்கே செலவுக்கு ரசீது வேண்டும். மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் வரும் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

7. ஒப்பந்தம்

பதினொரு மாத ஒப்பந்தம் என்பது நம் ஊரில் ஏதோ சடங்கு போலாகிவிட்டது. அதன் மூலம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும், பதினொன்றில் நிறுத்திக்கொண்டால் பதிவுச் செலவு மிச்சம். எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாத மாத வாடகையை முடிக்க 15 நாள் அறிவிப்பு போதும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. நகரத்தில் வீடு விடுகிறவருக்கு 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கடைசி விதி கனவு போலத் தோன்றும்.

8. உறுதி வாடகை என்னும் வலை

வில்லாவை வாங்குங்கள், நாங்களே நடத்துகிறோம், இத்தனை ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வாடகை உறுதி என்று சொல்கிற விற்பனைத் தாள்கள் மலைப்பகுதிகளில் சுற்றுகின்றன. 6ஆம் பிரிவின் கணக்கைப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: கட்டடம் மூன்று விழுக்காடு ஈட்டும் இடத்தில் எனக்கு எட்டும் பத்தும் எங்கிருந்து கொடுப்பீர்கள்? என் பணத்திலிருந்தா, எனக்கு அடுத்து வாங்குபவர் பணத்திலிருந்தா?

இந்த வட்டாரத்துக்கு இது புதுக் கதையன்று. 1990களில் தேக்குக் கன்றின் பேரில் பணம் திரட்டிய அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் சரிந்தது. தோட்ட நிறுவனங்களின் அந்தச் சரிவுகளுக்குப் பிறகுதான் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கான செபி விதிகள் 1999இல் வந்தன. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தன. தேக்கு வளர்ந்தது உண்மை, ஈமு முட்டையிட்டதும் உண்மை. பொருள் பொய்யாக இருக்கவில்லை, வாக்களித்த விழுக்காடுதான் பொய். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தமிழ்நாடு 1997லேயே சட்டம் இயற்றியது. அது பறிபோன பின் மனு எழுதுவதற்கான சட்டம்.

9. தொடங்குவோர் மூவர்

கொட்டச்சேட்டில் வாடகைச் சொத்து தொடங்க நினைப்பவர்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாமவர் ஊர்க்காரர். அவருக்கு நிலம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, எந்த ஓடை எந்த மாதம் வற்றும் என்ற அறிவும் இருக்கிறது. அவர் தொடங்க வேண்டியது ஓர் அறையும் ஒரு கழிப்பறையுமாக, கடனில்லாமல் அல்லது மிகச் சிறிய கடனில். மைய அரசின் படுக்கை, காலை உணவுத் திட்டம் ஆறு அறை வரைக்கும் இடம் தருகிறது. உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வெளியூர் முதலாளியைத் தடுக்கும் அதே நிபந்தனை இவருக்குச் சாதகம். ஒன்று மட்டும் செய்ய வேண்டும். வீட்டில் யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, அவர்களுக்கான கூலியை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை லாபம் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாமவர் சேலத்துக்காரர். பைக்கில் ஒரு மணி நேரத்தில் மேலே போய்விடுவார். அவருக்கு அறையைவிடக் கடையோ, ஆசிரியருக்கு விடக்கூடிய சிறு வீடோ பொருந்தும். புதிதாகக் கட்டாமல், ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் ஒன்றை வாங்கினால் ஹாக்கா கோப்பின் பின்னால் ஓட வேண்டியதில்லை. அதற்கும் முன்னால், கீழேயே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு இரண்டு குடிகளாவது மாறிப் பார்த்திருந்தால், முன்பணத்தைத் திருப்பித் தருவது எப்படி, உடைந்த குழாய்க்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் கைவந்திருக்கும்.

மூன்றாமவர் தொலைவிலிருந்து வருபவர். கணக்கு அவருக்கு எதிராக இருப்பதை மேலே கண்டோம். மலையின்மேல் ஆசை தீராதென்றால், நிலம் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டு, உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் அறையில் ஆண்டுக்கு நான்கு முறை தங்கிப் பார்க்கலாம்: மே, ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி. நவம்பரில் போகும்போது ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்து, சாலையில் இருட்டும்வரை எத்தனை வெளியூர் வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.